‘எல்லாம் ஓகே மேடம்’: ஓட்டல் ஊழியர்களின் மனதை அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு ஓட்டலின் மனிதவளப் பிரிவில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம். ஊழியர் கருத்துக்கணிப்பு நடத்தச் சொன்னார்கள். பயிற்சி எப்படி இருக்கிறது, பதவி உயர்வு நியாயமாக நடக்கிறதா என்று 40 கேள்விகள், ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஹவுஸ்கீப்பிங்கிலிருந்து வந்த 30 தாள்களில் 26இல் மேலிருந்து கீழ் வரை ஐந்து, ஐந்து, ஐந்து. ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) சந்தோஷப்பட்டார். எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த ஆறு வாரத்தில் அதே பிரிவில் நான்கு பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

அப்புறம் விசாரித்தால், தாள் போடும் பெட்டி லினன் ரூமில், சூப்பர்வைசர் மேஜை மேல் இருந்திருக்கிறது. பேனா கொடுத்ததே அவர்தான்.

எந்தத் தொழிலிலும் ஊழியர்கள் மேலிடத்திடம் மனம் திறந்து பேசத் தயங்குவார்கள். ஓட்டலில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கெஸ்ட் முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்று சொல்லவே கூடாது என்று முதல் நாளிலிருந்து பழக்கப்பட்டவர்கள் இவர்கள். சாம்பார் ஆறிப்போச்சு என்று கத்துபவரிடமும் சிரிக்க வேண்டும். சம்பளத்துக்காக முகத்தையும் மனதையும் அடக்கி ஆளும் இந்த வேலைக்கு ஆர்லி ஹோக்சில்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1983இல் ‘உணர்வு உழைப்பு’ என்று பெயர் கொடுத்தார். அவர் ஆராய்ந்தது விமானப் பணிப்பெண்களை. நம் ஆட்கள் அதே சிரிப்பைக் கருத்துக்கணிப்புத் தாளிலும் சிரித்துவிடுகிறார்கள். மனிதவளப் பிரிவும் அவர்களுக்கு ஒரு கெஸ்ட்தான்.

கீழே இருப்பதெல்லாம் அந்தச் சிரிப்பைத் தாண்டிப் போகும் வழி. 50 முதல் 300 அறை வரை உள்ள ஓட்டலில் மனிதவளம் பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இதே தலைப்பில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கும் உதவும். அவர்களுக்கான கணக்குகளை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

படி 1: ‘டேலண்ட் மேனேஜ்மெண்ட்’ என்ற சொல்லைத் தூர வையுங்கள்

1997இல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் ‘திறமைக்கான போர்’ என்று பேச ஆரம்பித்ததிலிருந்து இந்தச் சொல் கார்ப்பரேட் உலகில் சுற்றி வருகிறது. ஆள் எடுப்பது, பயிற்சி, அப்ரைசல் எனும் வருடாந்திர வேலை மதிப்பீடு, பதவி உயர்வு, அடுத்த பொறுப்புக்கு ஆளைத் தயார் செய்வது, நல்லவர்களைப் போகவிடாமல் வைத்துக்கொள்வது, எல்லாம் இதில் அடக்கம். ஆனால் மேஜையில் பரிமாறும் ஒரு ஸ்டூவர்டிடம் போய் ‘நம் ஓட்டலின் டேலண்ட் மேனேஜ்மெண்ட் நடைமுறைகள் பற்றி உங்கள் மனப்பான்மை என்ன’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ‘நல்லாருக்கு மேடம்.’

அவருக்குத் தெரிந்தது கொள்கை அல்ல, சம்பவங்கள். ஒவ்வொரு நடைமுறையையும் அவர் கண்ணால் பார்த்த ஒரு சம்பவமாக மாற்றுங்கள். அடுத்த பொறுப்புக்கு ஆள் தயார் செய்வது என்றால், ஸ்டூவர்டுகளுக்கு மேலே இருக்கும் கேப்டன் போஸ்ட் காலியானபோது உள்ளே இருந்து எடுத்தார்களா, வெளியிலிருந்து கொண்டுவந்தார்களா? அப்ரைசல் என்றால், போன வருடம் உங்கள் ரேட்டிங்கை யார் உட்கார்ந்து விளக்கினார்கள், எத்தனை நிமிடம்? பயிற்சி என்றால், கடைசியாக எதற்குப் போனீர்கள், அது ட்யூட்டி நேரத்திலா, பிரேக்கிலா?

இதில் இன்னொரு விஷயத்தையும் உங்களுக்குள்ளேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ‘திறமைசாலி’ என்றால் உங்கள் ஓட்டலில் யார்? பொறுக்கி எடுத்த பத்துப் பேரா, எல்லோருமா? எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் ஊழியர்களுக்கு விடை தெரியும். கேட்டரிங் காலேஜ் முடித்துவிட்டு மேனேஜ்மெண்ட் ட்ரெயினியாக ஒரு பையன் வருகிறான். ட்ரே பிடிக்கவே அவனுக்கு ஒன்பது வருடம் அனுபவம் உள்ள கேப்டன்தான் சொல்லித்தருகிறார். ஒன்றரை, இரண்டு வருடத்தில் அவன் அசிஸ்டெண்ட் மேனேஜர். கேப்டன் இன்னும் கேப்டன். அந்தப் பையன் மேல் அவருக்குக் கோபம் இருக்காது. ஆனால் ‘இங்கே வளர்ச்சிக்கு வாய்ப்பு இருக்கிறதா’ என்ற கேள்வியைப் படிக்கும்போது அவர் கண்ணில் அந்தப் பையன் முகம்தான் வரும்.

படி 2: ஆட்களுக்கு முன்னால் காகிதங்களைப் பாருங்கள்

யாரிடமும் ஒரு கேள்வி கேட்பதற்கு முன் கடைசி 12 மாதத்துப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டவர்கள் பட்டியல், பயிற்சிப் பதிவேடு, பதவி உயர்வு பெற்றவர்கள், மூன்று மாத ட்யூட்டி சார்ட், லீவு நாளில் வேலை பார்த்ததற்கு ஈடாகக் கொடுக்காமல் பாக்கி நிற்கும் காம்ப் ஆஃப்.

வெளியேற்ற விகிதம் சுலபமான கணக்கு. வருட ஆரம்பத்தில் 150 பேர், முடிவில் 170 பேர் என்றால் சராசரி 160. அந்த வருடம் 56 பேர் போனார்கள் என்றால் 56ஐ 160ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 35 சதவீதம். இந்த எண்ணோடு நிற்காதீர்கள். அந்த 56 பேரும் எத்தனை நாள் வேலை பார்த்துவிட்டுப் போனார்கள் என்று பிரியுங்கள். முதல் 90 நாளுக்குள் போனவர்கள் அதிகம் என்றால், சேரும்போது சொன்னதற்கும் வந்து பார்த்ததற்கும் இடைவெளி இருக்கிறது. பெரும்பாலும் தங்குமிடம், சாப்பாடு, நடுவில் சில மணி நேரம் விட்டு ஒரே நாளில் இரண்டு தடவை வரவைக்கும் பிரேக் ஷிப்ட். இரண்டு, மூன்று வருடம் இருந்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம் என்றால் அது பதவி உயர்வுக் கதை. ஒன்றரை வருட வாக்கில் போகிறவர்களில் பலர் கப்பலுக்கோ துபாய்க்கோ போயிருப்பார்கள். அவர்கள் சேரும்போதே அனுபவச் சான்றிதழுக்காகச் சேர்ந்தவர்கள். அவர்களை நினைத்து வருத்தப்படுவதில் பலனில்லை. நகரில் புது ஓட்டல் ஒன்று திறக்கப்போகிறது என்றால் தனிக் கணக்கு. 2012இல் கிண்டியில் 600 அறைகளோடு ஐ.டி.சி. கிராண்ட் சோழா வந்ததுபோல் பெரிதாக ஒன்று வரும்போது, ப்ரீ-ஓப்பனிங் டீமுக்கு ஆள் வேண்டியிருக்கும். அந்த ஆட்கள் வேறெங்கிருந்து வருவார்கள்?

எக்ஸிட் படிவங்களை நம்பாதீர்கள். பத்தில் எட்டுப் படிவத்தில் ‘பெர்சனல் ரீசன்’ என்றுதான் இருக்கும். ஃபுல் செட்டில்மெண்ட் கையில் வருவதற்கு முன்னால் யார் உண்மையை எழுதுவார்கள்? அவர் வேலையை விட்டு மூன்று மாதம் கழித்து போன் செய்து கேளுங்கள். பணம் வந்திருக்கும், புது இடத்தோடு ஒப்பிட்டும் பார்த்திருப்பார். ஒரு வருடத்தில் நான் செய்த வேலைகளிலேயே பயனுள்ளது அப்படிச் செய்த பத்துப் பதினைந்து போன் அழைப்புகள்தான்.

பயிற்சிப் பதிவேட்டைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரே ஆட்கள் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா? அனுப்பினால் வேலை கெடாது என்று தோன்றுகிறவரைத்தான் பயிற்சிக்கு அனுப்புவது பல பிரிவுகளில் வழக்கம். நன்றாக வேலை செய்கிறவரை விட மனம் வராது. ஆகவே பயிற்சிக்குப் பெயர் வந்தால் ‘நம்மளை உபரின்னு நினைக்கிறாங்க’ என்று அர்த்தமாகிவிடுகிறது.

படி 3: ஆடியில் கேளுங்கள்

இதற்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று தோன்றலாம். ஆனால் தவறான மாதத்தில் எடுத்த கணிப்பு வீண். ஏப்ரல், மே, ஜூனில் இன்க்ரிமெண்ட் கடிதம் வரும். எல்லாக் கேள்விக்கும் பதில் அந்த ஒரு கடிதமாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு முன் போனஸ் எதிர்பார்ப்பு. அந்த நேரத்தில் யாரும் நிர்வாகத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். டிசம்பரில் சபா சீசன், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், கிறிஸ்துமஸ், நியூ இயர் இரவு; யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. தை பிறந்தால் முகூர்த்தம்.

ஆடியில் கல்யாணம் இல்லை. பேங்க்வெட் (விருந்து மண்டபம்) காலி. இன்க்ரிமெண்ட் சூடு ஆறியிருக்கும், போனஸ் தூரத்தில் இருக்கும். ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை அந்த நான்கு வாரம் போதும்.

படி 4: யாரையெல்லாம் கேட்பது

எல்லோரையும். புராஜெக்ட் செய்கிற மாணவர்கள் எல்லோரையும் கேட்காமல் ஒரு பகுதியை மட்டும் சாம்பிளாக எடுக்க வேண்டியிருக்கும். கிரெஜ்சியும் மார்கனும் 1970இல் கொடுத்த அட்டவணைப்படி 100 பேர் இருந்தால் 80, 200 பேர் இருந்தால் 132, 300 பேர் இருந்தால் 169. ஓட்டல் நடத்துகிறவருக்கு அந்தக் கணக்கு வேண்டாம். 200 பேரில் 132 பேரைக் கேட்டுவிட்டு 68 பேரை விட்டால், விடுபட்ட 68 பேர் அதையே ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வார்கள்.

வழக்கமாக விடுபடுகிறவர்கள் மூன்று வகை. முதலில் கான்ட்ராக்ட் ஆட்கள். பாத்திரம் கழுவும் ஸ்டூவர்டிங், பொது இடங்களைத் துடைப்பவர்கள், செக்யூரிட்டி, தோட்டம். ‘அவங்க நம்ம ஆள் இல்லையே’ என்பார்கள். கெஸ்டுக்கு அது தெரியாது. யூனிஃபார்மில் சின்ன வித்தியாசம், கேன்டீனில் தனி டோக்கன், பர்த்டே கேக்கில் பெயர் இல்லை. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேர் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது உங்கள் கணிப்பில் மிக முக்கியமான பகுதியாக இருக்கக்கூடும். அவர்கள் கணக்கு வேறு: ‘அஞ்சு வருஷம் ஆகிறதுக்குள்ள அனுப்பிடுவாங்க’ என்பது பழைய பயம், ஏனென்றால் 1972ஆம் ஆண்டு பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டத்தில் ஐந்து வருடம் தேவைப்பட்டது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருடத்திலேயே அந்த உரிமை வந்துவிட்டது. ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கும் நேரடி ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் அவர்களிடம் விளக்கியிருக்க மாட்டார்கள். பேசப் போகும்போது அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு போங்கள், கேட்பார்கள்.

இரண்டாவது, தமிழ் தெரியாதவர்கள். மணிப்பூர், மிசோரம், அசாம், ஒடிசா, வங்காளம், நேபாளம் என்று சென்னை ஓட்டல்களில் எல்லா ஊர் ஆட்களும் உண்டு. தாளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அடித்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மொழிபெயர்த்த பிறகு வேறொருவரைக் கொண்டு திரும்ப மூலமொழிக்கு மாற்றிப் பாருங்கள். எங்கள் இந்தித் தாளில் ‘வளர்ச்சி’ என்ற சொல் சம்பள உயர்வு என்ற பொருளில் போய்விட்டது. அந்த ஒரு கேள்விக்கு வடக்கத்திக்காரர்கள் எல்லோரும் ஒன்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் பிடித்தோம்.

மூன்றாவது, நைட் ஷிப்ட். நைட் ஆடிட்டர், லாபி துடைப்பவர், பாய்லர் அருகில் நிற்கும் டெக்னீஷியன். காலை ஏழு மணிக்கு அவர்களை நிறுத்தி ‘ஒரு பத்து நிமிஷம்’ என்றால் மனதுக்குள் திட்டுவார்கள். நீங்கள் இரவு இரண்டரை மணிக்குப் போங்கள். ஒரு நாள்தானே. டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசுவார்கள், நிறையவே பேசுவார்கள்.

படி 5: தாளுக்கு முன்னால் பேச்சு

கேள்வித்தாளை உங்கள் அறையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பேசிவிட்டு, அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களிலிருந்து எழுதுங்கள். ஒரே குழுவில் காமியும் (கிச்சனில் கீழ்நிலைச் சமையல்காரர்) செஃப்பும் சேர்ந்து இருக்கக் கூடாது. செஃப் பேசுவார், காமி தலையாட்டுவார். மீட்டிங் ரூம் வேண்டாம். ஏசியும் மினரல் வாட்டரும் வைத்த இடத்தில் உட்கார வைத்தால் கெஸ்ட் முன்னால் நிற்பதுபோல் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். ஸ்டாஃப் கேஃப்டீரியாவின் ஓரம் சரியான இடம்.

நேரம்? எல்லோரும் செய்கிற தவறை நானும் செய்தேன். ரெஸ்டாரண்ட் ஆட்களுக்கு மதியம் மூன்றரை மணி வசதி என்று நினைத்து, அப்போது கூப்பிட்டேன். பிரேக் ஷிப்ட் பற்றித் தெரியாதவர்களுக்கு: காலை பதினொன்றுக்கு வந்து மதிய சர்வீஸ் முடித்து மூன்றரைக்கு விடுவார்கள், மறுபடி ஆறரைக்கு வந்து இரவு பதினொன்றரை வரை. நடுவில் இருக்கும் மூன்று மணி நேரம் அவர்களுடையது, சம்பளம் இல்லாத நேரம். வீடு ஆவடியிலும் ஓட்டல் ஓ.எம்.ஆரிலும் இருந்தால் எங்கே போவது? லாக்கர் ரூமில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுப்பார்கள். மூன்றரைக்கு வந்து உட்கார்ந்த எட்டுப் பேரில் ஒருவர் சட்டையின் முதுகில் அட்டையின் வரிகள் பதிந்திருந்தன. எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

பயிற்சி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வழக்கம்போல எல்லோரும் நல்லாருக்கு என்றார்கள். அந்தத் தம்பி மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “ட்ரெயினிங் நல்லாதான் மேடம் இருக்கு. ஆனா அது எப்பவும் எங்க பிரேக்லதான் வருது. இப்ப இதுவும் பிரேக்லதான் வந்திருக்கு.”

எங்கள் பயிற்சி மேலாளர் அந்த வருடம் 60 வகுப்பு எடுத்திருந்தார். ஒயின் பற்றி, கெஸ்டிடம் பேசுவது பற்றி, எல்லாம் தரமான வகுப்புகள். ஊழியர்களிடம் அதற்கு இருந்த பெயர் ‘தூக்கம் கெடுக்கிற க்ளாஸ்’. ஓட்டலில் ஒரு நல்ல நடைமுறையை ஊழியர் எப்படிப் பார்ப்பார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் உள்ளடக்கம் அல்ல, ட்யூட்டி சார்ட்டில் அது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதுதான். நான் இந்தத் துறையில் தெரிந்துகொண்டதில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

ஆகவே பேச்சை ட்யூட்டி நேரத்துக்குள் வையுங்கள். 40 நிமிடம் போதும். கேட்பதும் சிக்கனமாகக் கேளுங்கள்: இங்கே சீக்கிரம் மேலே வந்தவர் யார், எப்படி வந்தார்? நல்லா வேலை செய்கிறவருக்கு இங்கே என்ன நடக்கும்? போன வருடம் போனவர்களில் யார் போனது உங்களுக்கு வருத்தம்? மூன்றாவது கேள்விக்குத்தான் அமைதி உடையும்.

பேசும்போது பாலியல் தொல்லை பற்றிய புகார் வந்தால் அதைக் கணிப்புத் தகவலாகக் குறித்துக்கொண்டு நகரக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அங்கே எப்படிப் போவது, பொதுவாகச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்பதை அன்றே அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

படி 6: கேள்வித்தாள்

இருபது, இருபத்தைந்து கேள்வி. பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரையான ஐந்து படி முறை 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் கொடுத்தது, அதுவே போதும். நடுவில் ‘சொல்லத் தெரியவில்லை’ என்பதைக் கட்டாயம் வையுங்கள். அது இல்லாவிட்டால் பயந்தவர்கள் மேல் பக்கமே போவார்கள்.

எங்களிடம் நன்றாக வேலை செய்த சில கேள்விகள்:

– என் பிரிவில் கடைசியாகப் பதவி உயர்வு பெற்றவர் அதற்குத் தகுதியானவர்.
– எனக்கு ஏன் இந்த ரேட்டிங் என்று யாராவது உட்கார்ந்து சொன்னார்கள்.
– பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.
– டிப்ஸ் பிரிப்பது எனக்குப் புரிகிறது.
– உள்ளே காலியாகும் போஸ்ட் பற்றி எனக்கு நேரத்தோடு தெரியவருகிறது.
– என் சூப்பர்வைசருக்குப் பிடித்தவராக இல்லாவிட்டாலும் இங்கே முன்னுக்கு வரலாம்.

‘பயிற்சியும் சம்பளமும் திருப்தியாக உள்ளன’ என்று இரண்டு விஷயத்தை ஒரு கேள்வியில் அடைக்காதீர்கள். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்றால் அதிருப்தி என்று பொருள் வரும் தலைகீழ்க் கேள்விகள் இரண்டு போதும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போடுகிறவர்களைப் பிடிக்கத்தான் அவை. ஐந்துக்கு மேல் போனால் உண்மையாகப் பதில் சொல்கிறவரும் குழம்புவார். கேள்விகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்பாவை மாணவர்கள் இங்கே பார்ப்பார்கள். 1951இல் வந்த அளவுகோல், 0.7க்கு மேல் இருந்தால் வைவாவில் தப்பிக்கலாம். ஆனால் சிலர் எல்லாவற்றுக்கும் ஐந்து, சிலர் எல்லாவற்றுக்கும் மூன்று என்று கண்ணை மூடிக்கொண்டு போட்ட தாள்களிலும் ஆல்பா பிரமாதமாக வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசிக் கேள்வியாக இதை வையுங்கள்: ‘உங்கள் தம்பியையோ தங்கையையோ இந்த ஓட்டலில் வேலைக்குச் சேர்த்துவிடுவீர்களா? ஏன்?’ நம் ஊரில் ஓட்டலுக்கு ஆள் வருவதே அப்படித்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தோ, இம்பாலிலிருந்தோ ஒருவர் வந்தால் பின்னாலேயே ஊரிலிருந்து நான்கு பேர் வருவார்கள். தனக்கு என்றால் சமாளித்துக்கொள்வார், தம்பிக்கு என்றால் பொய் சொல்ல மாட்டார். ‘எல்லாவற்றுக்கும் ஐந்து’ போட்ட தாளிலும் இந்த இடத்தில் ‘வேண்டாம்’ என்று இருக்கும். மற்ற 24 கேள்விகளையும் எடுத்துவிட்டு இதை மட்டும் கேட்கலாம் என்றுகூடச் சில நாள் தோன்றியிருக்கிறது.

படி 7: தாளை வாங்குவது

பெட்டி மனிதவள அறையிலும் வேண்டாம், பிரிவு அறையிலும் வேண்டாம். ஊழியர்கள் வருகை பதியும் டைம் ஆஃபீஸ் பக்கத்தில், கேமரா இல்லாத இடத்தில் வையுங்கள். பெயர், எம்ப்ளாயி நம்பர், கையெழுத்து எதுவும் கேட்காதீர்கள். வயது, பிரிவு, பாலினம், அனுபவம் என்று நான்கையும் கேட்டால் பெயர் கேட்டதற்குச் சமம்; ‘பெண், 45 வயது, இன்ஜினியரிங் பிரிவு’ என்றால் ஓட்டலில் ஒரே ஒருவர்தான். பிரிவும், மூன்று படியாக அனுபவமும் போதும். ஐந்து பேருக்குக் குறைவான பிரிவை வேறொன்றோடு சேர்த்துவிடுங்கள்.

கூகுள் ஃபார்ம் வைக்கலாமா என்று கேட்பார்கள். ஃப்ரண்ட் ஆஃபீஸுக்கு வைக்கலாம். கிச்சனில் பலரும் தங்கள் போன் நம்பர் எங்கோ பதிவாகிவிடும் என்றே நம்புகிறார்கள். அதை விளக்கிப் புரியவைக்கும் நேரத்தில் தாளையே கொடுத்துவிடலாம்.

படி 8: எண்களைப் படிப்பது

சராசரியை நம்பாதீர்கள். ஒரு பிரிவில் பத்துப் பேரும் மூன்று போட்டால் சராசரி மூன்று. இன்னொரு பிரிவில் ஐந்து பேர் ஐந்தும் ஐந்து பேர் ஒன்றும் போட்டாலும் மூன்றுதான். முதலாவது சலிப்பு. இரண்டாவதில் இரண்டு கோஷ்டி இருக்கிறது, யாரோ ஒருவர் ஆட்களைப் பிரித்துவைத்திருக்கிறார். எத்தனை பேர் எதைப் போட்டார்கள் என்று பட்டையாக வரைந்து பாருங்கள்.

அப்புறம், அனுபவ வாரியாகப் பிரியுங்கள். சேர்ந்த முதல் வருடம் மதிப்பெண் உயரமாக இருந்து இரண்டு, மூன்று வருடத்தில் சரிந்தால், சேரும்போது நீங்கள் சொன்னது எதுவோ நடக்கவில்லை. வேலைக்கு எடுக்கும்போது ஏதோ ஒரு மேனேஜர் ‘ஒரு வருஷத்துல கேப்டன் ஆக்கிடறேன்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருப்பார். எந்த ஆஃபர் லெட்டரிலும் அது இருக்காது. சேர்ந்தவருக்கு அதுதான் ஒப்பந்தம்.

அப்ரைசல் கேள்விகளில் மதிப்பெண் விழுந்தால் பெரும்பாலும் பெல் கர்வ்தான் காரணம். பத்துப் பேரில் ஒருவர் கட்டாயம் கீழே இருக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னால் சூப்பர்வைசர் என்ன செய்வார்? முறை வைத்துப் பிரிப்பார். ‘இந்த வாட்டி நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, அடுத்த வருஷம் உனக்குப் போடறேன்.’ நான் பார்த்த பல பிரிவுகளில் இப்படித்தான் நடக்கிறது. ரேட்டிங் திறமையை அளப்பதாக ஊழியர் நம்புவதை அன்றோடு நிறுத்திவிடுகிறார்.

டிப்ஸ் கேள்வியைத் தனியாகப் பாருங்கள். பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கெஸ்டுக்கு நல்ல செய்தி. அந்தக் கட்டணத்தில் பங்கு பெற்றுவந்த ஊழியருக்கு மாத வருமானத்தில் துண்டு விழும். அந்தக் கோபம் ‘சம்பளம்’ என்ற தலைப்பில் வராது, ‘மேனேஜ்மெண்ட் நம்மைப் பற்றிக் கவலைப்படுவதில்லை’ என்ற கேள்வியில் வரும். ஒரு மதிப்பெண்ணின் காரணம் எப்போதும் அதே வரிசையில் இருப்பதில்லை.

படி 9: பதிலைத் திருப்பிக் கொடுப்பது

பெரும்பாலான ஓட்டல்களில் இது நடப்பதே இல்லை. அறிக்கை கார்ப்பரேட் அலுவலகத்துக்குப் போகும், ஊழியர் கண்ணில் படாது. அடுத்த வருடம் தாள் கொடுத்தால் ‘போன வாட்டியும் எழுதினோம்’ என்பார்கள்.

முடிவு வந்த 30 நாளுக்குள் கேஃப்டீரியா நோட்டீஸ் போர்டில் ஒரே ஒரு பக்கம் ஒட்டுங்கள். மேலே அவர்கள் சொன்னது, அவர்கள் சொற்களிலேயே. நடுவில் நாம் உடனே செய்வது மூன்று விஷயம், தேதியோடு. கீழே நம்மால் முடியாதது, காரணத்தோடு. கடைசிப் பகுதியை எழுத ஜி.எம். தயங்குவார். விடாதீர்கள். ‘பிரேக் ஷிப்டை இப்போது எடுக்க முடியாது, மதியத்துக்கும் இரவுக்கும் தனித்தனி ஆள் வைக்கச் சம்பளச் செலவு இவ்வளவு ஏறும்’ என்று எழுதி ஒட்டியபோது யாரும் கொடி பிடிக்கவில்லை. நின்று முழுசாகப் படித்தார்கள்.

உடனே செய்யும் மூன்றும் சின்னதாக இருக்கலாம். நாங்கள் செய்தது: எந்தப் பயிற்சியும் பிரேக்கில் கிடையாது, காலியாகும் போஸ்ட் வெளியே விளம்பரம் ஆவதற்கு ஏழு நாள் முன்னால் நோட்டீஸ் போர்டில் வரும், ரேட்டிங் கொடுத்த சூப்பர்வைசர் பதினைந்து நிமிடமாவது உட்கார்ந்து பேசிவிட்டு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். லாக்கர் ரூமில் எட்டு மடக்குக் கட்டிலும் போட்டோம். அது பட்டியலில் இல்லை, ஆனால் அந்தச் சட்டை முதுகைப் பார்த்த பிறகு போடாமல் இருக்க முடியவில்லை.

படி 10: மறுபடி

அடுத்த ஆடியில் அதே கேள்விகள், அதே தாள். பெட்டி டைம் ஆஃபீஸ் பக்கம். முடிவு வந்தபோது, அந்த முதல் கணிப்பில் கிட்டத்தட்ட ஐந்தாக இருந்த ஹவுஸ்கீப்பிங்கின் சராசரி மூன்றரைக்கு இறங்கியிருந்தது. ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு செய்தும் ஏன் இப்படி என்று கேட்டார். நான் தாள் கட்டையே எடுத்துக்கொண்டு போனேன். ஒரே எண்ணை மேலிருந்து கீழ் வரை போட்ட தாள் இரண்டுதான் இருந்தன. மற்றதிலெல்லாம் இரண்டும் நான்கும் ஒன்றும் கலந்து கிடந்தன, ஓரத்தில் பென்சில் குறிப்புகளோடு. ஒன்றில் தம்பி கேள்விக்குக் கீழே எழுதியிருந்தது: ‘சேர்ப்பேன். ஆனா நாலாவது ஃப்ளோர் ட்ராலி சக்கரத்தை முதல்ல மாத்துங்க. ஆறு மாசமா சொல்றேன்.’

ஜி.எம். அதை இரண்டு தடவை படித்தார். பிறகு இன்ஜினியரிங்குக்கு போன் போட்டார்.